காத்து அண்ணனும் வேர்க்காத குதிரையும்

காற்று தன் இஷ்டத்துக்கு வீசுகிறது என்று நம்புகிறவர்கள் காத்து அண்ணனைச் சந்திக்காதவர்கள். மலாக்காவில் லூபோக் சீனா ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்த எங்கள் குதிரை லாயத்தில், அவர் சொன்ன பக்கம்தான் அது வீசியது. அங்கே ஆறு வருடம் ஆபீஸ் வேலை பார்த்தவள் என்ற முறையில் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

அவருக்கு அடையாள அட்டையில் வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒன்பது குதிரைகளுக்கும் அவர்தான் பொறுப்பு. மதியம் இரண்டு மணிக்கு, நாய்கூட நிழலை விட்டு நகராத வெயிலில், ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு குதிரை அறை ஒவ்வொன்றாகப் போவார். புகை எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்ப்பார். தேங்கிய இடத்துச் சுவரில் மறுநாள் ஒரு பலகை இருக்காது. இப்படியே பலகை பலகையாகக் கழற்றி, ஜிங்க் தகரக் கூரையின் உச்சியையும் பிளந்து அதற்கு மேல் ஒரு குட்டிக் கூரை போட்டு, முதலாளி கட்டிய லாயத்தில் பாதியைக் காணாமல் ஆக்கிவிட்டார்.

தெங்கேராவிலிருந்து குதிரை பார்க்க வந்த ஓர் அம்மாள், ஏதோ பூசை நடக்கிறது என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. காத்த மறைக்கிறீங்க" என்றார் இவர்.

இன்னொரு நாள் மிருக டாக்டர் வந்தபோது, குதிரை அறையிலிருந்து இரண்டு மனிதக் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டாக்டர் பதறிப்போய் ஸ்டெதாஸ்கோப்புடன் ஓடினார். காத்து அண்ணன் குதிரைக்குப் படுக்கையாகப் போட்ட மரத்தூளில் கவிழ்ந்து படுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"குதிரை படுத்தா மூக்கு எங்க இருக்கும்? தரையிலதான? மூத்திர நெடி எனக்குக் கண்ண எரிச்சா அதுக்கும் எரியும்லா" என்றார், எழுந்திருக்காமலே. அன்று அந்த அறையின் மரத்தூள் முழுவதும் வெளியே போனது. மருத்துவம் படித்தவர் குனிந்து தானும் ஒரு தடவை மோந்து பார்த்தார்.

ஆபீசில் என் தலைக்கு மேல் சுற்றிய ஒரே ஃபேனையும் அவர் கழற்றிக்கொண்டு போனார். நான் சண்டைக்குப் போனேன்.

"உனக்கு வேர்க்குதா?"

"சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சுண்ணே."

"அப்ப உனக்கு ஒண்ணும் ஆகாது. மல்லிக்கு வேர்க்கவே மாட்டேங்குது, பாத்தியா?"

மல்லி என்பது வெளிநாட்டிலிருந்து வந்த வெள்ளைப் பெண்குதிரை. நம் ஊர் வெயில் ஒத்துக்கொள்ளாமல் அதற்கு வேர்வை அடியோடு நின்றுபோயிருந்தது. வேர்க்காத குதிரைக்குச் சூடு உள்ளேயே ஏறும், குளிர வைக்காவிட்டால் ஒரு மதியத்தில் உயிர் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து காத்து அண்ணன் சரியாகத் தூங்கவில்லை.

அந்த வருடக் கோயில் திருவிழாவில் அவர் பால்குடம் எடுத்தார். தான் இல்லாத நேரத்தில் மல்லிக்குச் சுடக்கூடாது என்று காலையிலேயே கூரையை நனைத்தார். நனைத்தது போதவில்லை என்று மறுபடி நனைத்தார். அந்த அக்கறையில் தண்ணீர்த் தொட்டி காலி. பம்பு போட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்று நான் நினைத்திருந்தபோது, பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. பம்பும் நின்றது. பன்னிரண்டு மணிக்கு மல்லியின் மூக்குத் துவாரங்கள் விரிந்து விரிந்து மூட ஆரம்பித்தன. கழுத்தைத் தொட்டால் கை சுட்டது.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர்வலத்துக்குப் பறந்தேன். முன்னால் தண்ணீர் லோரி, பக்தர்களின் கால் சுடாமலிருக்கத் தார் ரோட்டை நனைத்துக்கொண்டு போனது. பின்னால் உருமி மேளம், இரண்டு காவடி, பால்குடங்கள். காத்து அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். கோயில் சேரும்வரை குடத்தைக் கீழே வைக்கக்கூடாது. அவர் குடம் தலையில் இருக்க, ரோட்டின் நனையாத பக்கமாகவே வெறுங்காலோடு ஓடிப்போய் லோரியின் முன்னால் நின்றார்.

கோயில் தலைவர் மைக்கோடு வந்தார். "காவடி பின்னாடி வருது. குதிரைக்காக லோரிய விடணுமா? சாமி குத்தம் ஆயிரும்லா."

"லோரிய மட்டும் இல்ல தலைவரே, எல்லாரையும் லாயத்துக்குத் திருப்புங்க. அங்க நெழல் இருக்கு, கால் வேகாது. குத்தம் எல்லாம் என் தலையில."

"என்னாயா பேசுற? உன் வேண்டுதல் கெட்டுப்போகாதா?"

"வேண்டுதலே அவளுக்குத்தான்."

வரிசையில் நின்ற காத்து அண்ணனின் மனைவி குடத்தைப் பிடித்தபடி மெதுவாகத் திரும்பினார். "என் முட்டி வலிக்காக வேண்டிக்கிட்டீங்கன்னுல நெனச்சேன்" என்றார்.

தலைவர் அந்த அம்மாளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பிறகு மைக்கில், "எல்லாரும் சோத்தாங்கை பக்கம் திரும்புங்க" என்றார். லாயத்து வாசலில் காத்து அண்ணன் கையைக் காட்டியதும், குதிரை மிரளக்கூடாது என்று உருமி நின்றது. அந்த உருமிக்காரர்களைப் போலீஸ்கூட அதுவரை நிறுத்தியதில்லை.

இடது கையால் தலையில் குடத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் லோரிக் குழாயை மல்லியின் மேல் பீய்ச்சினார். "வழி, வழி. உடம்புல நிக்கிற தண்ணி சூடாயிரும்" என்றார். நான் ஆபீஸ் ஸ்கேலால் வழித்தேன். ஊற்றினார், வழித்தேன். கை மரத்துப்போனது. மஞ்சள் உடுத்திய பக்தர்கள் சுற்றிலும் மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் நின்றார்கள். அரை மணி நேரம் கழித்து மல்லியின் மூச்சு இறங்கியது. அது தலையை நீட்டி, வாளியில் வாய் வைத்துக் குடித்தது. காவடிக்காரர் ஒருவர் வாய்விட்டு அழுதார்.

அதற்குள் தலைவர் மூன்றாம் நம்பர் குதிரை அறையில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தார். கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை, ஆனாலும் ஒரு பக்கத்துப் பலகை இடைவெளியில் நுழைந்த காற்று மறுபக்கம் போய்க்கொண்டே இருந்தது. எழுப்பியபோது, "கோயில் மண்டபத்தயும் ஒரு நாள் வந்து பாருப்பா" என்றார்.

குடம் கோயிலைச் சேர்ந்தபோது பால் திரிந்திருந்தது. பூசாரி எட்டிப் பார்த்து யோசித்தார். "தயிர் அபிஷேகம்னு வச்சுக்குங்க சாமி" என்றார் காத்து அண்ணன்.

சாயங்காலம் லாயத்தில் அவர் சரியாக நடக்கவில்லை. பிடிவாதமாகக் காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கால் இரண்டும் கொப்புளம். மருந்து போடும்போது, "வலிக்குதாண்ணே?" என்றேன். "மல்லி புல்லு தின்னாளா?" என்றார்.

இப்போது நான் மலாக்கா டவுனில் வேறு வேலை பார்க்கிறேன். வெயில் ஏறுகிற நாட்களில் அவருக்குப் போன் போட்டு, "மல்லி எப்படிண்ணே இருக்கா?" என்று கேட்பேன். அவர் கால் மணி நேரம் சொல்லுவார். நான் குதிரையைத்தான் விசாரிக்கிறேன் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.