கவர் அண்ணனும் நீலக் கல்யாணப் பெண்ணும்

உப்புக் காற்றோடு தனி ஆளாகச் சண்டை போட்ட மனுஷன் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான், பிள்ளைகளே. அவர் எங்கள் மரக்காணம் கவர் அண்ணன்.

எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பளம். அந்தக் காற்று பட்டால் சைக்கிள் துருப்பிடிக்கும், பூட்டு துருப்பிடிக்கும். பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அண்ணன் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிவிடுவார். கீபோர்டுக்குக் கவர், போனுக்குக் கவர், கைக்கடிகாரத்துக்கும் கவர். மணி கேட்டால், "இரு, பிரிச்சுப் பாத்து சொல்றேன்" என்பார். அதற்குள் பஸ் போய்விடும்.

ஒருமுறை தட்டையான புது மானிட்டர் வாங்கினார். அதன் பின்னால் ஒயர் சொருக ரெண்டு இடம். ஒன்று அனலாக், இன்னொன்று டிஜிட்டல். விற்ற கடைக்காரர், "அனலாக்ல படம் வழியில கொஞ்சம் கெட்டுப் போகலாம். டிஜிட்டல்ல அனுப்புனது அப்படியே வரும்" என்று எடுத்துச் சொன்னார். நம்மாள் கேட்பாரா?

"ஏம்பா, அனலாக் ஒயர் முனையில கொஞ்சம் முள்ளுதான் இருக்குது. டிஜிட்டலைப் பாரு, சீப்பு மாதிரி! அத்தனையும் உப்பு திங்கறதுக்கா?"

டிஜிட்டல் ஒயர் கவருக்குள் கவராகப் போய் பீரோவில் பூட்டப்பட்டது.

அடுத்த வருஷம், 2005இல், எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. சர்ச் வாசலில் எங்கள் போட்டோ போட்டு பேனர் வைக்க எனக்கு ஆசை. அதுவரை கறுப்பு எழுத்து நோட்டீஸ் மட்டுமே அடித்த அந்தக் கடைக்கு அதுதான் முதல் கலர் வேலை. டிசைன் பார்க்க ஸ்டெல்லா அவள் அண்ணன் அந்தோணியோடு வந்தாள்.

"ஐயோ, என் பல்லு இவ்ளோ மஞ்சளாவா இருக்குது?"

"ஊரே மஞ்சக்காமாலைன்னு பேசும்" என்று அந்தோணி என்னை முறைத்தார்.

"கவலைப்படாதம்மா, வெளுத்துடுறேன்." கவர் அண்ணன் மௌஸைத் தட்டித் தட்டி படம் முழுக்க நீலத்தை ஏற்றினார். திரையில் பல்லு பால் மாதிரி ஆனது. சி.டி. பாண்டிச்சேரி பிரஸ்ஸுக்குப் போனது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பேனர் வந்தது. பிரித்தோம். ரெண்டு பேரையும் சொட்டு நீலத்தில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது.

"என் தங்கச்சிய கேலிப்பொருள் ஆக்கிட்டீங்களா? நாளைக்கு நான் சர்ச்சுக்கு வரல!" என்றார் அந்தோணி. அப்பா இல்லாத ஸ்டெல்லாவைக் கைப்பிடித்து பீடத்துக்கு அழைத்து வரவேண்டியவரே அவர்தான். ஸ்டெல்லா அழ ஆரம்பித்தாள். நான் பேனரைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

"பிரஸ்காரன் தப்பு. என் திரையில பாரு, பால்!" என்றார் கவர் அண்ணன். உண்மைதான், பால்தான்.

"அண்ணே, எதுவும் எழுதாத வெள்ளைப் பக்கம் ஒண்ணு திறங்க."

திறந்தார். வெள்ளைப் பக்கம் எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தது.

அனலாக் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தார். ஒரு முள்ளில் பச்சையாகக் களிம்பு. நீலத்தைக் கொண்டுவரும் முள்ளை உப்பு பாதி தின்றிருந்தது. மானிட்டரின் மஞ்சளை எங்கள் முகத்து மஞ்சள் என்று நினைத்து அண்ணன் வெளுத்திருக்கிறார்!

"அண்ணே, டிஜிட்டலைப் போடுங்க."

"அதையும் உப்பு தின்னுட்டா?"

"நாளைக்குத்தான் கல்யாணம். அதுக்குள்ள தின்னாதுண்ணே!"

பீரோ திறந்தது. கவர், அதற்குள் கவர், அதற்குள் இன்னொரு கவர். கடைசிக் கவரை நான் பல்லால் கிழித்தேன். சொருகியதும் திரையில் நாங்கள் ரெண்டு பேரும் பளிச்சென்று நீலமாக நின்றோம்.

"அடப்பாவி, நானா இப்படி பண்ணேன்?" கவர் அண்ணன் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

பிறகு படத்தைத் திருத்தி, கடையைச் சாத்தி, மொபெட்டில் அவரே பாண்டிச்சேரி போய்ப் புது பேனரோடு திரும்பினார்.

மறுநாள் காலை அந்தோணி பேனர் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "ம்... என் தங்கச்சிதான்" என்று சொல்லி, ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தார்.

பூசை முடிந்து வெளியே வந்தோம். கவர் அண்ணன் சாப்பிடக்கூடப் போகாமல் பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா மாலையோடு போய், "வாங்கண்ணே, எங்களை நேர்லயும் கொஞ்சம் பாருங்க" என்று கூப்பிட்டாள்.

அன்றைக்குப் பந்தியில் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர்தான்.