பன்னிரண்டாவது யோசனைக்கு ஆள் பிடித்த விவரம்

அன்பு மகளுக்கு அப்பா ஆசிகள் சொல்லி எழுதுவது.

கோணலும் மாணலுமான இந்த எழுத்தைப் பார்த்து, யாரோ மிரட்டல் கடிதம் போட்டிருக்கிறார்கள் என்று பயந்துவிடாதே. மன்னித்துக்கொள், இது என் கைதான். எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள ஏழு மாதமாக மாலைப் பள்ளிக்குப் போகிறேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். போனிலேயே சொல்லலாம், ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் முடிவு வரை படித்தாக வேண்டும்.

உலகத்தில் யாரும் இலவசமாக எடுத்துக் கணக்குப் போடலாம் என்று நீங்கள் பல பேர் சேர்ந்து எழுதும் மென்பொருளுக்கு, விடுமுறையில் மாணவர்கள் செய்துகொடுக்கப் பன்னிரண்டு யோசனைகளை இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறாய் அல்லவா? எங்கள் டீச்சர் அதைத் தமிழில் எழுதிக் கொடுத்து எனக்குப் பாடமாக வைத்தார். பதினொன்றுக்கு மாணவர்கள் வந்தாயிற்று. பன்னிரண்டாவது உன் சொந்த யோசனை. "மூணு வருஷமா ஒருத்தரும் தொடலப்பா, இந்த வெள்ளிக்கிழமையோட எடுத்துடப் போறேன்" என்று நீ சொன்னபோது குரல் இறங்கிப்போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணினி பதினாறு இலக்கம் காட்டும், கடைசியில் இருப்பவை பொய்யாக இருக்கலாம், எதுவரை நம்பலாம் என்று அதுவே சொல்ல வேண்டும், அவ்வளவுதானே உன் யோசனை? எடைமேடையில் நாற்பது வருஷம் லாரிகளுக்கு எடை போட்டுவருகிறவனுக்கு இது புரியாதா? காற்றடித்தால் ஓர் எடை, மேடையில் சேறு இருந்தால் ஓர் எடை. நீ எழுதியிருந்ததைப் படித்தால் மாணவர்களுக்குத் தூக்கம் வரும், கோபிக்காதே. அதனால் நானே ஒரு தாளில், "கடைசி எண்ணை நம்பாதீர்கள். இதைச் சரிசெய்ய மாணவர் தேவை" என்று பெரிதாக எழுதி, கல்லூரிப் பிள்ளைகள் கண்ணில் படட்டும் என்று எங்கே ஒட்டினேன் தெரியுமா, பழக்க தோஷத்தில் நான் வேலை பார்க்கும் எடைமேடை வாசலிலேயே ஒட்டிவிட்டேன்.

அவ்வளவுதான், முதலில் வந்த மணல் லாரிக்காரர் இறங்கிப் படித்தார், பின்னால் வந்தவரைக் கூப்பிட்டார், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார், "பெரியவரே, நம்பாதேன்னு நீங்களே எழுதி ஒட்டிட்டு எந்த எண்ணுக்கு ரசீது குடுக்குறீங்க, மறுபடி எடை போடுங்க" என்று பதினாலு லாரியும் நின்றுவிட்டன, சாலை அடைத்துக்கொண்டது, முதலாளி ஓடி வந்து தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணே, இத்தனை வருஷம் உங்களுக்கு எழுதத் தெரியாம இருந்தது எனக்கு எவ்வளவு நல்லதுன்னு இன்னைக்குத்தான் புரியுது."

அடைபட்டதில் கல்லூரி பஸ்ஸும் ஒன்று. அதிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து தாளைப் படித்தாள்.

"தாத்தா, மணல் நனைஞ்சிருந்தா எடையை எப்படி நம்புவீங்க?"

"முழுசா நம்ப மாட்டேன். இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம்னு மனசுல வச்சுக்குவேன்."

"அப்போ ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்துல அந்த சந்தேகத்தையும் எழுதி வச்சா?"

உன் யோசனையை உன் வாயால் கேட்டதுபோல் இருந்தது. யோசனைகள் இருக்கும் அந்த இணையப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தேன். போனில் திறந்து உன் பெயரைப் பார்த்தாள். "இதுக்கு வழிகாட்டி இவங்களா? ரொம்பக் கண்டிப்புன்னு காலேஜ்ல சொல்வாங்களே? எனக்கு இதெல்லாம் முதல் தடவை, நான் வேணாம் தாத்தா" என்று தயங்கினாள். நான் உன் அப்பா என்று சொல்லவில்லை, சிபாரிசு ஆகிவிடும். அதனால் கேட்கிறேன்: கடைசி நாளை ஒரு வாரம் தள்ளி வை. அவள் எழுதினால் கடுமையாகப் பதில் போடாதே. பன்னிரண்டாவதை அழித்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு. அம்மாவும் நானும் கேட்டதாக உன் வீட்டுக்காரரிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: இதை எழுதி முடிக்க ஆறு நாள் ஆகிவிட்டது. இன்று சனிக்கிழமை. அந்தப் பெண் வந்து போனாள். புதன்கிழமையே விண்ணப்பம் போட்டாளாம், நீ ஒரு மணி நேரம் அன்பாகப் பேசிச் சேர்த்துக்கொண்டாயாம். ஆகவே மேலே நான் கேட்டது எதையும் நீ செய்ய வேண்டாம். இந்த யோசனை எப்படிப் புரிந்தது என்று நீ கேட்டதற்கு, எடைமேடையில் ஒரு தாத்தா எழுதி ஒட்டியிருந்தார் என்றாளாம். தாத்தாவே எழுதினாரா என்று நீ மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டாயாம். லைன் கெட்டிருக்கும் என்று சொல்லிவைத்தேன். அடுத்த வாரமும் எழுதுவேன், திங்கட்கிழமையே ஆரம்பித்துவிடுகிறேன்.