ஒரே வாளித் தண்ணீரில் மாப்பிள்ளை கார்

அன்புள்ள மாப்பிள்ளை புவனேந்திரன் அவர்களுக்கு,

தைப்பிங்கிலிருந்து மாமனார் தங்கையா வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். கூச்சிங்கில் பயிற்சியும் சாப்பாடும் உங்களுக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என நம்புகிறேன். நீங்கள் விட்டுச் சென்ற காரும் ஏறக்குறைய சுகம்.

போன தீபாவளிக்கு நான் குழாயைத் திறந்துவிட்டுக் கார் கழுவியதைப் பார்த்து, சொந்தக்காரர்கள் முன்னாலேயே, "மாமா, இந்தத் தண்ணியில ஒரு குடும்பம் ரெண்டு நாள் குளிக்கும்" என்றீர்கள். நீர் சேமிப்பு அதிகாரியான நீங்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. உங்களிடம் நல்ல பேர் வாங்கியே தீருவது என்று, உங்கள் காரை ஒரே வாளித் தண்ணீரில் கழுவ முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டு மேடம் கூ, சோப்பு சாக்கடையைக் கெடுக்கும் என்று சொல்லி, அன்னாசித் தோலும் சீனியும் ஊறிய தண்ணீர் ரெண்டு பாட்டில் தந்தார். மூன்று மாதம் ஊறணுமாம், வாளிக்கு ஒரு கரண்டி போதுமாம். ஊறி ஒரு வாரம்தான் ஆகியிருந்துச்சு, மூணு மாசத்துக்கு நான் எங்கே போறது? கரண்டிக் கணக்கும் எனக்குப் பிடிக்கலை. மாப்பிள்ளைக்குச் சோத்தை அளந்தா போடுறோம், அவர் காருக்கு மட்டும் அளக்க? ரெண்டு பாட்டிலையும் கவுத்துட்டேன். கூரையிலேர்ந்து சக்கரம் வரைக்கும் பூசி முடிக்கவும் வாளி காலி. அலச ஒரு சொட்டு இல்லை. உங்க அத்தை ரப்பர் குழாயை இழுத்துக்கிட்டு வந்தா. "மரகதம், மாப்பிள்ளைகிட்ட என் மானம் போயிடும், கீழே வை"ன்னு விரட்டிட்டேன். வெயில்ல காஞ்சு, கார் பாகு காய்ச்சின சட்டி மாதிரி ஆயிடுச்சு. முதல்ல எறும்பு வந்துச்சு, நான் கண்டுக்கலை. அப்புறம் தேனீ. இப்போ ஒரு கூட்டமே கதவுல தொங்குது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு மேடம் கூ கேட்கிறாங்க: "ஒரு கரண்டின்னேன்லா அங்கிள். காருக்கு அபிஷேகமா பண்றீங்க?"

எது எப்படியானாலும், ஒரு வாளிக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் செலவாகவில்லை. சத்தியம். அதை மட்டும் நீங்கள் நம்பினால் போதும். உங்களோடு இருக்கும் கஸ்தூரிக்கும் எங்கள் ஆசி. இருவரும் நோய்நொடி இல்லாமல் வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார் தங்கையா

பின்குறிப்பு: உங்க அத்தை பயந்துபோய்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுட்டா. ஒரு லாரித் தண்ணியைப் பீய்ச்சி அடிச்சாங்க. போதலைன்னு இன்னொரு லாரியும் வந்துச்சு. கார் பளபளன்னு இருக்கு. கூடவே பத்திரிகைக்காரர் ஒருத்தர் வந்து, யார் சொல்லிக் கொடுத்து இப்படிக் கழுவினீங்கன்னு கேட்டார். பெருமையை நானே வச்சுக்கலாமா? உங்க பேரு, இலாகா, பதவி எல்லாம் சொல்லி, கல்யாணப் படத்தையும் கொடுத்திருக்கேன். நாளைக்கு வருமாம்.