நாலாவது ஆளின் முகவரி

பெருமதிப்பிற்குரிய சகலை மேதெட் அவர்களுக்கு, கால்வாய்த் துறைப் பொறியாளர் குஷிக்பாய் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கால்நடைகளும் வீட்டு உயிர்களும் நலமா? அல்மாத்தியில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்குக் கால்நடை ஏது? ஆனாலும் முறையை விட மனமில்லை. உங்கள் காரை விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய குதிரைக்கறி அடைத்த குடல் வந்து சேர்ந்தது. மாமனார் வீட்டு விருந்தில், மூத்த மருமகனான எனக்கு மரியாதையாக வர வேண்டிய ஆட்டுத்தலையை உங்கள் முன்னால் வைத்தார்களே, அந்த நாளுக்குப் பிறகு உங்களிடமிருந்து எனக்கு வந்த முதல் பண்டம் இது. நானும் அக்லிமாவும் மிச்சமில்லாமல் சாப்பிட்டோம்.

எங்கள் துறையில் இப்போது எல்லோருக்கும் குற்றப் பின்னணி விசாரணை நடக்கிறது. மதகைத் திறந்து மூடியே தலை நரைத்தவனும், தான் திருடனில்லை என்று நிரூபிக்க வேண்டும். எவ்வளவு குடிப்பேன், மனைவியோடு எதற்குச் சண்டை, மூலத்துக்கு எந்த வைத்தியரிடம் போகிறேன் என்றெல்லாம் கேட்டார்கள். என் மூலம் எந்த மதகை உடைத்துவிடும் என்று எனக்கு விளங்கவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். வேறு பெயர் உண்டா என்ற கேள்விக்கு மட்டும் இல்லை என்று எழுதினேன். அது ஏனென்று உங்களுக்குத் தெரியும். எனக்கு முன் பிறந்த மூன்று அண்ணன்களும் தொட்டிலைத் தாண்டவில்லை. அதனால் நான் பிறந்ததும் அம்மா என்னை ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுக்காரிக்கு விற்றாள். விலை வாங்காத விற்பனை செல்லாது என்பதால் அந்தப் பெண் ஒரு துண்டு உலர்ந்த கறி கொடுத்தாள். பிறகு யாரோ பெற்ற பிள்ளையைப் போல வாசல் வழியே கொண்டுவந்து, எடுத்துப் போக எவருக்கும் ஆசை வராதபடி, நாய்க்குட்டி என்று பொருள்படும் இந்தப் பெயரை வைத்தார்கள். கல்லூரியில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டுச் சீட்டியடித்த பேராசிரியரை இன்றும் நான் மன்னிக்கவில்லை. முல்லா ஒரே ஒரு முறை காதில் சொன்ன உண்மைப் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறியதில்லை. அதை நான் என் மனைவி அக்லிமாவிடம் சொன்னேன், அவள் தன் தங்கை பீபிநூரிடம் சொன்னாள், பீபிநூர் உங்களிடம் சொன்னாள். உறவினர்களை விசாரிக்கிறோம் என்று தொலைபேசியில் கேட்ட அதிகாரியிடம் நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டீர்கள்.

அதிகாரி கம்ஷாத் என் மகள் வயதுப் பெண், மரியாதை தெரிந்தவள். இல்லை என்று எழுதியது பொய் வாக்குமூலம், வேலை போகும் என்று வருத்தத்தோடு சொன்னாள். பிறகு அந்தப் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இந்தப் பேர்ல நீங்க தேடப்படுறவரு. குத்தம் என்னன்னு போடல. தேடச் சொன்னது யாருன்னும் இல்ல. தேதி மட்டும் நீங்க பொறந்த மாசம். பொறந்த மாசமே அப்படி என்னண்ணே பண்ணீங்க?"

எந்தக் காகிதத்திலும் இல்லாத பெயர் அதற்குள் எப்படிப் போனது என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷமாக முகவரி கிடைக்காததால்தான் அந்தக் கோப்பு மூடாமல் கிடக்கிறது, திங்கட்கிழமைக்குள் முகவரி எழுதிக் கொடுத்தால் மூடிவிடலாம், என் வேலைக்கும் பங்கம் வராது என்றாள்.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு தமாரா வேலியோரம் காத்திருந்தாள். என்னைப் பார்த்தே குரைக்கிற எங்கள் நாய் கொட்டகைக்குள் ஒடுங்கிக் கிடந்தது. யாரோ வந்து அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தானாம்.

"ரொம்ப மரியாதையான ஆளு. உள்ள வாங்கன்னேன், வாசப்படி தாண்ட மாட்டேன்னுட்டாரு. இந்த வீட்டுல மூணு பேரை நல்லாத் தெரியும், நாலாவது ஆளைத்தான் இன்னும் பார்க்கலன்னாரு. அந்தப் பேர்ல யாருமில்ல, நாய்க்குட்டின்னு ஒரு இன்ஜினியர்தான் இருக்காருன்னேன். நாய்க்குட்டி எனக்கெதுக்குன்னு சிரிச்சாரு. முகவரி கிடைச்சதும் வர்றேன்னு போயிட்டாரு."

முகம் எப்படி என்றேன். எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. செத்துப்போன தன் அம்மா மட்டும் கூப்பிடும் செல்லப் பெயரால் அவன் தன்னைக் கூப்பிட்டதைப் பிறகுதான் உணர்ந்தாள். அதன்பின் அவள் வேலிப்பக்கம் வருவதே இல்லை.

சகலை, முதல்ல உங்க மேல கோபம் இருந்தது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒரு மனுஷன் சாகாம இருக்க வச்சிருந்த ஒரே ரகசியத்தை இப்படிப் போட்டு உடைக்கலாமா? ஆனா இப்ப மனசு ஆறிடுச்சு. திங்கட்கிழமை போய் முகவரி எழுதிக் கொடுத்தேன். கம்ஷாத் கோப்பை மூடிட்டா. வேலை தங்கிடுச்சு, நாய் மறுபடி குரைக்குது, ராத்திரி தூக்கமும் வருது. ஆட்டுத்தலை விஷயத்தையும் சேர்த்து உங்களை மன்னிச்சாச்சு.

உங்கள் கூரை உயர்ந்திருக்கட்டும். உங்கள் வாசல் தேடி விருந்தாளிகள் வந்துகொண்டே இருக்கட்டும். பீபிநூருக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் சகலை, குஷிக்பாய்

பி.கு.: கொடுத்த முகவரி உங்களுடையது. கம்ஷாத் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெயர் இப்போது யாருக்குச் சொந்தம் என்று மட்டும் கேட்டாள், சகலைக்கு விற்றுவிட்டேன் என்றேன். என்னைத் தேடி வந்தவர் அங்கே வந்தால் வாசற்படிக்குக் குறுக்கே கை கொடுக்க வேண்டாம், அது ஆகாது. குதிரைக்கறியைத் திருப்பிக் கேட்கவும் வேண்டாம். விலையைச் சாப்பிட்டாயிற்று.