தாழ்வாரத்தில் டூல்பாக்ஸ் மீட்டிங்

இந்தத் தீவில் பிறந்த குழந்தைகளிலேயே, தொட்டிலில் படுக்கும் முன் பாதுகாப்பு விளக்கம் கேட்ட குழந்தை என் மகன் கவின் ஒருவனாகத்தான் இருப்பான். அவசரத்துக்கு எந்தப் பக்கம் வெளியேற வேண்டும், தீயணைப்புக் கருவி எங்கே மாட்டியிருக்கிறது, ஆபத்து என்றால் எல்லோரும் எந்த இடத்தில் கூட வேண்டும் என்று விலாவாரியாக அவனுக்குச் சொல்லப்பட்டது. அவன் கொட்டாவி விட்டான். விளக்கியவர் அதையும் விடவில்லை. "தம்பி கொஞ்சம் டயர்டா இருக்காப்ல, கவனிச்சுக்கங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்தான் எங்கள் தெம்பனிஸ் அடுக்குமாடி புளோக்கின் சேஃப்டி. கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. முப்பதைத் தாண்டிய வயது, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர். சொந்தப் பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் அவர் மனைவி கலாவே "சேஃப்டி, சோறு ஆறுது" என்று கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறேன். அதன் பிறகு பெயர் கேட்பது மரியாதையாகப் படவில்லை.

கவின் பிறந்த அதே வாரம் பக்கத்து வீட்டில் அவர்களுக்கு மித்ரா பிறந்தாள். கலாவின் அம்மா ஊரில் விசாவுக்குக் காத்திருந்தார். என் அம்மாவுக்கு அப்போதுதான் முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. ஆக, கூடமாட இருக்க ஆளில்லாத இரண்டு வீடுகள், நடுவில் ஒரு சுவர், இரண்டு பக்கமும் அழுகை.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகளைப் புருவத்தைத் தூக்கியே உட்கார வைப்பவள். உட்காரவே தெரியாத ஒற்றைப் பிள்ளை என்னை ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தது. கவின் அழ ஆரம்பித்தால் தொட்டில் பக்கம் போகவே எனக்குத் தயக்கம். பெற்றவளுக்கே பிள்ளையைக் கண்டு பயம் என்றால் யார் நம்புவார்கள்? வெட்கக்கேடு. இது யாருக்கும், முக்கியமாக என் கணவர் தினேஷுக்கு, தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அந்த வாரங்களில் என் ஒரே கவலை. இப்படி ஒன்றை மூடி மறைக்க நினைக்கிறவளுக்குப் பக்கத்து வீட்டில் சேஃப்டி வாய்த்தார்.

கட்டுமானத் தளங்களில் காலையில் வேலை தொடங்கும் முன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து ஒரு கூட்டம் நடக்கும். அதற்கு டூல்பாக்ஸ் மீட்டிங் என்று பெயர். நேற்று என்ன தப்பு நடந்தது, இன்று எதில் கவனம் என்று பேசுவார்கள். சேஃப்டி அதைத் தாழ்வாரத்தில், செருப்பு அலமாரிகளுக்கு நடுவில், தலையில் ஹெல்மெட்டோடு தினமும் நடத்தினார். நானும் கலாவும் கலைந்த தலையோடு ஆளுக்கொரு குழந்தையை ஏந்தி நிற்போம். தினேஷ் தூங்கிக்கொண்டே நிற்பார்.

கூட்டத்தின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "எல்லாரும் ஃபிட்டா?" உடம்பும் மனசும் வேலைக்குச் சரியாக இருக்கிறதா என்று அர்த்தம். இல்லை என்றால் சொல்லிவிட வேண்டும், வேறு ஆள் பார்த்துக்கொள்வார். உலகத்தில் எல்லாத் தளங்களிலும் போல நாங்களும், கேட்ட சேஃப்டியும் "ஃபிட்" என்போம். கடைசி வீட்டுச் சீனத் தாத்தா தாழ்வாரத்தில் கையை வீசி நடந்துகொண்டிருப்பார். அவரும் நின்று "ஃபிட்லா" என்று இந்த ஊர் 'லா' சேர்த்துச் சொல்லிவிட்டு நடையைத் தொடருவார். அந்த ஐவரில் அவர் சொன்னது ஒன்றுதான் உண்மை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் சொன்னது சுத்தப் பொய் என்பது அப்போதே தெரியும்.

அடுத்தது நியர் மிஸ். அதாவது, விபத்தாக வேண்டியது மயிரிழையில் தப்பியது. அதை மறைக்காமல் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், யாரும் திட்டக் கூடாது என்பது சட்டம். தினேஷ் அப்பாவி. பால் புட்டியின் காம்பைக் கவினின் மூக்கில் வைத்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சேஃப்டி மூல காரணத்தை ஆராய்ந்து, தினேஷின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, துடைத்துக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து லிஃப்டிலிருந்து இறங்கிய மலாய்க்கார அம்மா என் கணவரை ஏதோ திருடிப் பிடிபட்டவரைப் போலப் பார்த்துக்கொண்டு போனார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் நாங்கள் இருப்பதோ ஒன்பதாவது மாடி.

மார்சிலிங்கிலிருந்து தினேஷின் அத்தை பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டுமாக இரண்டு ரயில் மாறி வந்தார். எங்கள் வாசலில் சேஃப்டியின் மஞ்சள் நாடா குறுக்கே கட்டியிருந்தது. சேஃப்டி அவரை நிறுத்தி, நெற்றியில் காய்ச்சல் பார்த்து, கையைக் கழுவ வைத்து, மோதிரம் குழந்தையைக் கீறும் என்று கழற்றச் சொன்னார். கல்யாண மோதிரம். அத்தை அதைக் கழற்றிப் பல வருடம் ஆகியிருந்ததால் அது வரவில்லை. சோப்பு போட்டார்கள். கடைசியில் விரல் வீங்கி, குழம்பு ஆறி, அத்தை பிள்ளையைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பினார். அவமானத்தில் எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. புட்டு மட்டும் இறங்கியது.

கலா என் காதோரம் புலம்புவாள். "டெலிவரி ரூம்லயே இப்படித்தான்க்கா. தொப்புள்கொடிய அப்பாவே வெட்டலாம்னு டாக்டர் கத்திரிய நீட்டுனாரு. இவரு அத வாங்கிப் பாத்துட்டு, சோதிச்சதுக்கு இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டிக்கர் எங்கன்னு கேட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் சிரித்தேன். அதில் சிரிக்க மட்டும்தான் விஷயம் இருப்பதாக அப்போது நினைத்திருந்தேன்.

பிள்ளைகளுக்கு முப்பதாம் நாள் தீட்டுக் கழித்ததும் இரண்டு குடும்பமாகச் சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போனோம். கூட்டமான ஞாயிற்றுக்கிழமை. சாலையைக் கடக்க வேண்டும். பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டுதான் இருந்தது. சேஃப்டிக்கு அது போதவில்லை. பையிலிருந்து ஆரஞ்சு நிறப் பளபளா மேல்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, வட்டமான ஸ்டாப் பலகையோடு நடுச்சாலையில் போய் நின்றார். தினேஷும் கலாவும் தள்ளுவண்டிகளைத் தள்ள, நான் அர்ச்சனைத் தட்டோடு பின்னால் போனேன். பேருந்துகள் நின்றன. பூக்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலில் நின்ற காரின் கண்ணாடி மெல்ல இறங்கியது. உள்ளே எங்கள் பள்ளியின் துணை முதல்வர். நான் தட்டைத் தூக்கி முகத்தை மறைத்தேன். தேங்காய் உருண்டு அவர் கார் அடியில் போய்விட்டது. அதை மீட்கும் வரை சேஃப்டி போக்குவரத்தைத் திறந்துவிடவில்லை.

இனி இந்த மனிதரோடு எங்கும் போவதில்லை என்று வீட்டுக்கு வந்து சத்தியம் செய்தேன். தினேஷ் மட்டும் "நல்லவர்லா, பாவம்" என்றார்.

அதற்கடுத்த சனிக்கிழமை. தினேஷுக்கு விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை. கவின் மதியம் அழ ஆரம்பித்தான். பால் கொடுத்தேன், துணி மாற்றினேன், தோளில் போட்டு நடந்தேன், பாடினேன், கெஞ்சினேன். எதற்கும் நிற்கவில்லை. ஒரு கட்டத்தில் என் கை அவனை இறுக்குவது எனக்கே தெரிந்தது. அவனைத் தொட்டிலில் போட்டேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். தாழ்வாரச் சுவரைப் பிடிக்கக்கூடத் தோன்றாமல், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றேன்.

லிஃப்ட் திறந்தது. கீரைக்கட்டும் டயப்பர் பொட்டலமுமாக சேஃப்டி. அரைநாள் வேலை முடிந்து வருகிறார். ஊரில் அத்தனை பேர் இருக்க, நான் யார் கண்ணில் படக் கூடாதோ அவரே.

"உள்ள விட்டுட்டு வந்துட்டேன். என்னால முடியல," என்றேன். குரல் என்னுடையது போல இல்லை.

அவர் பைகளைக் கீழே வைத்தார். "தொட்டில் கம்பி ஏத்தி விட்டிருக்கா?"

தலையாட்டினேன்.

"அடுப்பு?"

"எரியல."

"அப்ப நீங்க ஓடி வரலக்கா. வேலைய நிறுத்திருக்கீங்க. அது வேற, இது வேற. சைட்ல வேலைய நிறுத்துனவங்கள யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டோம்."

கேவிக் கேவி அழுதேன். எல்லாம் பார்க்கப்பட்டுவிட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை. நிறுத்திய வேலையை வேறு ஆள்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தாழ்வாரத்தில் வேறு ஆள் இல்லை. கலா மித்ராவோடு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "நீங்க போய்த் தூக்குங்க," என்றேன்.

போனார். முழங்கை வரை கை கழுவும் சத்தம் கேட்டது. பிறகும் அழுகை நிற்கவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தொட்டில் பக்கத்தில் நின்று கையை நீட்டுகிறார், இழுத்துக்கொள்கிறார், மறுபடி நீட்டுகிறார். நெற்றியெல்லாம் வியர்வை. உள்ளே போனேன்.

"அக்கா, எனக்குத் தூக்கத் தெரியாது."

"மித்ராவ எப்படித் தூக்குறீங்க?"

அவர் ஈரக் கையை மறுபடி சட்டையில் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருப்பிக் கொடுத்த கத்திரி, கையில் பலகை, தலையில் ஹெல்மெட், வாசலில் நாடா. இத்தனை வாரத்தில் இந்த மனிதர் தன் மகளைத் தூக்கி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"ஒரு தடவ சைட்ல என் கண்ணு முன்னாலயே ஒருத்தன் மேலேந்து விழுந்துட்டான்," என்றார், தொட்டிலைப் பார்த்துக்கொண்டே. "அதுலேந்து, என் கையில குடுத்தா அவளும் விழுந்துருவான்னுதான் தோணுது. இத நான் யார்ட்ட போயிச் சொல்றது? நான் சேஃப்டிக்கா."

எனக்கு என் வெட்கம் மறந்து போனது. இரண்டு பேரும் ஒரே சரக்கைத்தான் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒளித்து வைத்திருந்தோம். "தரையில உக்காருங்க," என்றேன். "தரையில உக்காந்துட்டா கீழ விழறதுக்கு எடமில்ல."

அந்தப் பாதுகாப்பு ஏற்பாடு அவருக்கு நியாயமாகப் பட்டது. தரையில் விரித்திருந்த மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கழுத்துக்கு அடியில் ஒரு கை என்று சொல்லிக் கொடுத்து, கத்திக்கொண்டிருந்த கவினை மடியில் வைத்தேன். அவர் தோள் இரண்டும் காது வரை ஏறிவிட்டன. மூச்சு விடுகிறாரா என்றே சந்தேகம். கவின் இன்னும் கொஞ்சம் அழுதான், அவர் சட்டையில் தாராளமாகக் கக்கினான், பிறகு தூங்கிப் போனான். நான் சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடினேன்.

விழித்தபோது தினேஷ் வேலைச் சீருடையோடு வாசலில் நின்றிருந்தார். பின்னால் கலா. தாழ்வாரத்தில் அநாதையாகக் கிடந்த கீரையைப் பார்த்துத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். சேஃப்டி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தார். கால் மரத்துப்போய் முகம் கோணியிருந்தது. கலா அவர் மடியையும் சட்டைக் கறையையும் வெகுநேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க," என்றாள். "நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கு."

மறுநாள் டூல்பாக்ஸ் மீட்டிங் உட்கார்ந்து நடந்தது. சேஃப்டி தாழ்வாரத்துத் தரையில், ஹெல்மெட் இல்லாமல், மடியில் மித்ராவோடு இருந்தார். எல்லாரும் ஃபிட்டா என்று கேட்டுவிட்டு, யாரும் வாய் திறக்கும் முன் "நான் ஃபிட் இல்ல" என்றார். நானும் இல்லை என்றேன். வாழ்நாளில் அவ்வளவு சின்னக் குரலில் நான் பேசியதில்லை. தினேஷ் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பார் என்று பயந்தேன். அவர் கவினை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நானும் இல்லலா," என்றார். கலா "நான் எப்பவுமே இல்ல" என்றாள். கையை வீசிக்கொண்டு வந்த சீனத் தாத்தா எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். தான் ஃபிட்தான் என்று அறிவித்துவிட்டு, கீழே போய் எல்லோருக்கும் கோப்பி வாங்கி வந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கவின் கை மாறும்போதெல்லாம் அந்தக் கேள்வி உண்டு. இல்லை என்றால் இல்லைதான்.

சேஃப்டியின் தளம் மாறியதும் அவர்கள் வடக்கே குடிபோனார்கள். போன மாதம் ஃபோன் வந்தது. இரண்டாவது பிறந்திருக்கிறதாம், பையன். பின்னணியில் அவன் வீடே இரண்டாகும்படி அழுதுகொண்டிருந்தான்.

"யார் கையில இருக்கான்?" என்று கேட்டேன்.

"என் கையிலதான்க்கா. ஃபோன மேசையில வெச்சிருக்கேன்."

"தரையிலயா உக்காந்திருக்கீங்க?"

"இல்லக்கா," என்றார். குரலில் கொஞ்சம் வெட்கம். "நின்னுக்கிட்டுதான் இருக்கேன். நடக்கவும் செய்றேன்."

 ஃபோனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளை அழுது முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.