எரிந்துபோன ஊரில் ஒரு பரிசம்

துறைமுக நகரம் முழுக்க எரிந்து சாம்பலாகிவிட்டது என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஆர்தர் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"சீனி எப்பவோ கரைஞ்சிருச்சு," என்றாள் பிரிஜெட். "கதைய ஆரம்பிங்க."

மலேசியாவில், திகாம் பத்து என்ற சிற்றூரில், ஏசுதாசன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் சனிக்கிழமை மத்தியானங்களில் அந்த ஆட்டம் நடக்கும். ஆர்தர் ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, எந்த ஊர், எதிரே யார் வருகிறார்கள், கதவுக்குப் பின்னால் என்ன பூதம் என்று தமிழில் சொல்வான். மற்ற மூவரும் தங்கள் பாத்திரம் என்ன செய்யப்போகிறது என்று சொல்லிப் பகடையை உருட்டுவார்கள். வீட்டுக்காரர் ஏசுதாசன் நிஜத்தில் பஸ் டிக்கெட் இன்ஸ்பெக்டர். ஆட்டத்தில் வெல்மார் என்ற துறைமுக நகரத்தின் காவல் தலைவர். இரண்டுக்கும் அவர் ஒரே மீசையைத்தான் வைத்திருந்தார். அவர் தங்கை பிரிஜெட் நிஜத்தில் நர்ஸ். ஆட்டத்திலும் அவருக்குத் தங்கைதான், அங்கே சத்திரம் நடத்துகிறாள். லாரி ஓட்டும் தர்மலிங்கம் கோடரி தூக்கிய குள்ளன். ஆறடி உயர மனிதருக்கு அப்படியோர் ஆசை.

ஆர்தர் ரப்பர் ஆலையின் லேப்பில் வேலை பார்ப்பவன். ரப்பர் பால் எவ்வளவு கெட்டி என்று பார்த்த உடனே சொல்லிவிடுவான். பிரிஜெட்டைப் பிடித்திருக்கிறது என்று மட்டும் அவனுக்குச் சொல்ல வரவில்லை. அண்ணன் பக்கத்தில் இருக்கும்போதே அவளை மரியாதையாகப் பார்த்துப் பேச இருந்த ஒரே வழி இந்த ஆட்டம். ஆட்டம் நின்றால் அதுவும் போச்சு. போதாக்குறைக்கு, ஈப்போவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வரப்போவதாக ஏசுதாசன் போன மாதமே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்.

புத்தகங்கள் வந்தது பட்டர்வொர்த்திலிருந்து. அங்கே விமானப்படைத் தளத்தில் வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும் ஆஸ்திரேலியர்கள் விட்டுப்போகும் சாமான்கள் ராக்காயி அக்காவின் பழைய சாமான் கடைக்கு வரும். வெல்மார் கதை முடியும் தறுவாயில் இருந்ததால், அடுத்த புத்தகத்தை அவளிடம்தான் வாங்கி வந்தான். அதே ஊர், அதே தெருக்கள். ஆனால் முதல் பக்கத்திலேயே டிராகன் வந்து எல்லாவற்றையும் கொளுத்திவிட்டிருந்தது. அந்த உலகத்தை அச்சடிக்கிறவர்கள் அப்படித்தான். ஒருவர் ஊரைக் கட்டுவார், இன்னொருவர் வந்து அழித்துவிட்டு அடுத்த புத்தகம் என்பார். ஆர்தருக்கோ சொந்தமாக ஒரு வரி கற்பனை வராது.

"வெல்மார் எரிஞ்சு போச்சு," என்றான்.

"எப்ப?" பிரிஜெட் பென்சிலைக் கீழே வைத்தாள். "போன வாரம்தானே நான் கூரைக்கு ஓடு மாத்துனேன்!"

"நாம உசிரக் குடுத்துக் காப்பாத்துன ஊருலா!" என்றார் தர்மலிங்கம்.

ஏசுதாசன் மீசையைத் தடவினார். "எனக்கு இந்த இங்கிலீசு புத்தகமெல்லாம் தலையும் புரியாது வாலும் புரியாது. ஆனா போட்டிருக்குன்னா போட்டிருக்கு. எரிஞ்ச ஊருல என்னா ஆட்டம்? ஹாபிஸ், முடிஞ்சுது. மூட்டையக் கட்டுங்க."

ஆர்தர் புத்தகத்தைச் சட்டென்று மூடினான். "இல்லண்ணே! இது... இது வேற வெல்மார். அதே பேரு, வேற ஊரு."

பிரிஜெட் புத்தகத்தை இழுத்து வரைபடத்தைப் பார்த்தாள். "இந்தா கெணறு. இந்தா சத்திரம். பின்னால என் குதிரக் கொட்டாய்கூட இருக்கு. எனக்குத் தெரியாம என் கொட்டாய வேற ஊருல யாரு கட்டுனா?"

"அதாவது," ஆர்தர் வியர்வையைத் துடைத்தான், "அதே ஊருதான். ஆனா அறுவது வருசம் கழிச்சி. நீங்கள்லாம் அதுக்கு முன்னாலயே நல்லபடியா வாழ்ந்து, வயசாகிப் போய்ச் சேந்துட்டீங்க. இப்ப வெளையாடப் போறது உங்க பேரப்புள்ளைங்க."

பிரச்சினை தீர்ந்தது என்று அவன் மூச்சு விடுவதற்குள் தர்மலிங்கம் எழுந்து நின்றார்.

"நான் செத்துட்டனா?"

"நிம்மதியா, அண்ணே. தூக்கத்துல."

"கருமாதி பண்ணாங்களா?"

"குள்ளனுங்க கருமாதி பத்திப் புத்தகத்துல ஒண்ணும் போடலண்ணே."

"புள்ள குட்டியோட வாழ்ந்து செத்தவனுக்குக் கருமாதி இல்லயா? என்னா புத்தகம்லா இது?" தர்மலிங்கம் தட்டில் மிச்சமிருந்த வடையை எடுத்துத் தன் குள்ளனின் தாளுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். கொஞ்ச நேரம் துக்கமாக நின்றார். பிறகு வடையை அவரே தின்றார்.

ஏசுதாசன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் விரல் மடக்கி எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "தம்பி, தங்கச்சிக்குப் பேரப்புள்ள இருக்குன்னா, அவ யாரயாச்சும் கட்டியிருக்கணுமே. யாரக் கட்டுனா?"

ஆர்தர் பழைய புத்தகத்தை வேகமாகப் புரட்டினான். மீன்காரனுக்கு மனைவி உண்டு. கொல்லனுக்கு இரண்டு பேர். கலியாணமாகாத ஆண்பிள்ளை என்று வெல்மாரில் ஒரே ஆள்தான் இருந்தான்.

"நீதிபதி ஓல்வின்," என்றான்.

ஓல்வினுக்காகப் பேசுவது ஆர்தர்தான். வாரம் தவறாமல் ஏதோ ஒரு வழக்கை விசாரிக்கிற சாக்கில் சத்திரத்துக்கு வந்து, சூப் குடித்துவிட்டு, ஒன்றையும் விசாரிக்காமல் போகிறவர் அந்த நீதிபதி.

ஏசுதாசன் மேசையைத் தட்டினார். பகடைகள் குதித்தன. "யாரக் கேட்டு? பொண்ணு கேட்டு வந்தாங்களா? பரிசம் போட்டாங்களா? கோயில்ல மூணு ஞாயித்துக்கெழம, ஆட்சேபன உண்டான்னு கலியாண ஓலை வாசிச்சாங்களா? காவல் தலைவன் நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், என் தங்கச்சி என்னா ஓடிப்போயா கட்டுனா?"

"அங்க மாதா கோயில் கெடையாதுண்ணே. கடல் தேவதை கோயில்தான்."

"எந்தக் கோயிலா இருந்தா என்னா? ஓலைன்னா ஓலை. முறைன்னா முறை. அடுத்த சனிக்கெழம அந்த நீதிபதி தட்டத் தூக்கிக்கிட்டு இங்க வரணும். இல்லாட்டி அவளுக்குப் பேரனும் இல்ல, உங்களுக்கு ஆட்டமும் இல்ல."

அடுத்த சனிக்கிழமை ஆர்தர் சுங்கை பட்டாணி டவுன் பாசாரில் வெற்றிலை, பாக்கு, ஆரஞ்சு, கல்கண்டு எல்லாம் வாங்கி, எவர்சில்வர் தட்டில் அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். இல்லாத மனிதன் ஒருவனுக்காக நிஜக் கல்கண்டு எதற்கு வாங்கினோம் என்று பாதி வழியில்தான் உறைத்தது. அதற்குள் திகாம் பத்து வந்துவிட்டது.

குள்ளன் மாப்பிள்ளைக்குத் தாய்மாமனாக வருவதாக ஒப்புக்கொண்டிருந்தான். அதற்காகத் தர்மலிங்கம் நிஜ வேட்டி கட்டி வந்திருந்தார். பிரிஜெட் புதுச் சேலையில் இருந்தாள். அது ஆட்டத்துக்காகவா, பிறகு எங்காவது போகப்போகிறாளா என்று ஆர்தருக்கு விளங்கவில்லை.

"மாப்பிள்ள குடிப்பாரா?" என்று தொடங்கினார் ஏசுதாசன்.

"சூப் மட்டும்தாண்ணே."

"சொந்த வூடா?"

"நகர மன்றம் குடுத்த வூடு. ரெண்டு மாடி."

"அம்மா கூட இருப்பாங்களா?"

"இருப்பாங்கண்ணே. ஆனா அவங்களுக்கு ஒரு சூசாவும், தொந்தரவும் குடுக்க மாட்டாங்க. ஜெபமால சொல்லிக்கிட்டு அவங்க பாட்டுக்கு இருப்பாங்க."

"வேல எப்படி?"

"நிரந்தரம்ணே. ரெண்டு ஷிப்ட்டு. ஆலையில ஓவர்டைம் இருந்தா மட்டும் கொஞ்சம் லேட்டாவும்."

"நீதிபதிக்கு எந்த ஆலைலா?" என்றார் தாய்மாமன்.

ஆர்தரின் காது சிவந்தது. பிரிஜெட் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏசுதாசன் ஒன்றும் கேட்காதவர் போல இருபது முகப் பகடையைத் தங்கையிடம் நகர்த்தினார். "பொண்ணுக்குச் சம்மதமான்னு உருட்டிப் பாரு."

பிரிஜெட் பகடையைத் தொடவில்லை. ஆர்தரையே பார்த்தாள். "இதுக்கெல்லாம் பகடை வேணாம்ணே. சம்மதம்."

ஆர்தருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மறுகணமே அவள் சம்மதம் சொன்னது ஓல்வினுக்கு என்பது ஞாபகம் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புத்தகத்துக்குள் இருந்த ஆள்மேல் அவனுக்குத் தாங்க முடியாத பொறாமை வந்தது.

"அப்ப ஓலைய வாசிச்சிருவோம்," என்றார் ஏசுதாசன். "இந்தக் கலியாணத்துக்கு யாருக்காச்சும் ஆட்சேபன உண்டா?"

"உண்டு," என்றார் தர்மலிங்கம்.

"நீ மாப்பிள்ள பக்கம்டா!"

"பக்கம் கெடக்கட்டும்லா. அறுவது வருசத்துல எரியப்போற ஊரு அது. தெரிஞ்சே அங்க பொண்ணக் குடுத்தா பேரப்புள்ளைங்க கதி என்னா?"

ஏசுதாசன் கண்ணை மூடி யோசித்தார். பிறகு வெற்றிலைத் தட்டை மெதுவாக ஆர்தர் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"ஞாயம்தான். எரியற ஊருக்கு நான் பொண்ணு குடுக்க முடியாது. ஈப்போ எரியாது தம்பி."

"அண்ணே, அது புத்தகத்துல—"

"அப்ப எரியாத புத்தகம் ஒண்ணு கொண்டா. அந்த ராக்காயி கடையிலயே போய்க் கேளு. கெடச்சா பேசுவோம். கெடைக்காட்டி ஆட்டமும் ஹாபிஸ், பேச்சும் ஹாபிஸ்."

தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் ஆர்தர் அப்படியே பஸ் ஏறினான். ஏசுதாசன் பேசியது காவல் தலைவராகவா, அண்ணனாகவா? பிரிஜெட் பார்த்தது ஓல்வினையா, தன்னையா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. ஒன்று மட்டும் தெரிந்தது: வெல்மார் எரியாமல் நின்றால்தான் பிரிஜெட். பட்டர்வொர்த் பஸ் நிலையத்தில் இறங்கி, கல்கண்டு சிந்தச் சிந்த ஓடினான்.

ராக்காயி அக்கா ஆஸ்திரேலிய மிதிவண்டி ஒன்றுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். வெற்றிலைத் தட்டோடு மூச்சிரைக்க நிற்கிறவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அக்கா, அன்னிக்கு ஒரு புத்தகம் குடுத்தீங்களே, ஊரு எரியற மாதிரி. அதே ஊரு எரியாத மாதிரி வேற புத்தகம் ஏதாச்சும் வந்துச்சா? தயவு பண்ணித் தேடிப் பாருங்கக்கா. இதுல என் வாழ்க்கையே இருக்கு."

ராக்காயி பம்பைக் கீழே வைத்துவிட்டு, தட்டிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அது அப்பவே இருந்துச்சு தம்பி, உங்க மீசக்கார பஸ் இன்ஸ்பெக்டருதான் ரெண்டையும் நின்னு படிச்சிப் பாத்துட்டு, இல்லாத ஈப்போ மாப்பிள்ள ஒருத்தன உண்டாக்கி வுட்டும் நீ வாயத் தொறக்கலயாம், ஊரு எரிஞ்சாலாச்சும் தங்கச்சியக் கேக்குறியா பாப்போம்னு, எரியறத ஒனக்குக் குடுக்கச் சொல்லிட்டு எரியாதத அவரு வாங்கிட்டுப் போயிட்டாரு."