பதினாறு வயதுக் கதாநாயகியின் கோப்பு

இளையோர் நாவல்களைத் திரைப்படமாக்க ஒரு தனிப் பிரிவு தேவை என்று திரைப்படக் கழகம் முடிவு செய்தபோது, அதன் தயாரிப்பாளருக்கு இருக்க வேண்டிய தகுதிகளையும் ஆறு பத்திகளில் வரையறுத்தது. பட்டதாரியாக இருக்க வேண்டும். கண்ணியமானவராக இருக்க வேண்டும். இளையோர் மீது அக்கறை வேண்டும். புத்தகம் படிப்பவராக இருக்க வேண்டும் என்று எந்தப் பத்தியிலும் இல்லை. ஆகவே நம்மவர் அந்தப் பதவிக்கு வந்ததில் விதிமீறல் ஏதும் கிடையாது.

அலுவலகத்தில் அவருக்கு வழங்கிய பெயர் ‘ஒருபக்கம்’. எவ்வளவு பெரிய நாவலானாலும் ஒரு பக்கத்தில் சுருக்கிக் கொடுத்தால்தான் படிப்பார். இப்படியே பதினான்கு வருடத்தில் ஒன்பது படங்கள் எடுத்துவிட்டார். விடுதியில் பேய் உலவும் நாவலை எடுத்தபோது, பேய் மூடநம்பிக்கை என்று ஆலோசனைக் குழு அதை நீக்கியது. விடுதி மட்டும் மிஞ்சியது. அந்த ஆண்டு சிறந்த கட்டடத்துக்கான விருது அந்தப் படத்துக்குப் போனது. தயாரிப்பாளருக்குச் சுழல் நாற்காலி வந்தது.

பத்தாவது நாவலைக் கொண்டுவந்தது அவருடைய மகள். பதினைந்து வயது. சில மாதங்களாக அப்பாவிடம் “ம்”, “இல்ல” என்ற இரண்டு சொற்களோடு குடும்ப உறவைப் பராமரித்து வந்தவள், ஒரு காலையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகத்தை வைத்தாள்.

“இதைப் படமா எடுங்கப்பா.”

முழு வாக்கியம் வந்த அதிர்ச்சியில் அவர் கண்ணாடியைக் கழற்றினார். “என்ன கதை? சுருக்கமா சொல்லு.”

“ஒரு பொண்ணு. பதினாறு வயசு. பரீட்சை எழுதிட்டு இருக்கும்போதே பாதியில எழுந்து போயிடறா. பஸ் ஸ்டாண்டுல நாள் பூரா உட்கார்ந்திருக்கா. அவங்க அப்பா தேடிக்கிட்டு வர்றார். அவ பேசறா, அவர் கேக்கறார்.”

“கேட்டுட்டு என்ன சொல்றார்?”

“ஒண்ணும் சொல்ல மாட்டார். ஆறு பக்கத்துக்கு வாயே திறக்க மாட்டார். அந்த ஒரு காட்சி அப்படியே இருக்கணும். மத்ததை நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்க.”

“செய்யலாம்மா. ஆனா அந்தப் பொண்ணு பண்ணினது தப்புன்னு ஒரு வார்த்தையாவது...”

மகள் அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். நான்கு விநாடி மூடியிருந்தார். ஆறு பக்கம் என்பது எவ்வளவு கடினமான வேலை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இருந்தாலும், அந்தக் காட்சி இருக்கும் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தார். வேறு எந்த வாக்கையும் அவர் அவ்வளவு மனதோடு கொடுத்ததில்லை.

கோப்பு திறக்கப்பட்டது. அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பிரிவும் தன் கருத்தை ஒரு பச்சைச் சீட்டில் எழுதி, முந்தைய சீட்டின் மேல் ஒட்ட வேண்டும். மேலே இருக்கும் சீட்டை மட்டும் படித்தால் போதும். கீழே இருப்பவை ஏற்கெனவே படிக்கப்பட்டவையாகக் கருதப்படும்.

சட்டப் பிரிவு முதல் சீட்டை ஒட்டியது. பதினாறு வயதுப் பெண் பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்திருந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் கதை பத்தே நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே வயது பதினெட்டு. பதினெட்டு வயதுப் பெண் காரணமில்லாமல் உட்கார்ந்திருந்தால் காதல் என்றுதான் நினைப்பார்கள் என்று ஒழுக்கப் பிரிவு கவலைப்பட்டது. திருமணமானவளாக்கினால் அந்தச் சந்தேகம் தீரும், வயது இருபத்தைந்து. இருபத்தைந்து வயதில் பள்ளிப் பரீட்சை எழுதினால் பள்ளிக்கு இழுக்கு என்றது கல்விப் பிரிவு. அதனால் அது அலுவலகப் பதவி உயர்வுத் தேர்வாக மாறியது. அதை எழுதப் பதினைந்து ஆண்டு பணி அனுபவம் தேவை, வயது நாற்பது. கடைசியாக, கால்ஷீட் கொடுத்த ஒரே நடிகைக்கு ஐம்பத்தொன்று. “நாற்பத்தொன்பதுன்னே போட்டுக்கோங்க, பரவாயில்ல,” என்று அவர் பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார்.

கோப்பு ஆலோசனைக் குழுவுக்குப் போனது. ஏழு பேர். அவர்களில் மிக இளையவருக்கு ஐம்பத்தெட்டு. மற்றவர்கள் அவரைத் ‘தம்பி’ என்பார்கள். ஜன்னலைச் சாத்தும் பொறுப்பு அவருடையது.

“ஐயா, இது இளையோர் படம். கதாநாயகிக்கு நாற்பத்தொன்பது வயசு ஆயிடுச்சு,” என்றார் ஒருபக்கம்.

“அதனால என்ன?” என்றார் குழுத் தலைவர். “பணி ஓய்வு பெறாதவர் எல்லாரும் இளையோர்தான்னு போன வருஷமே சுற்றறிக்கை விட்டாச்சே.”

“எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு,” என்றார் தம்பி அடக்கமாக.

“அப்பா வேஷத்துக்கு யாரு?”

“பெரிய நடிகர் ஒத்துக்கிட்டார். அவருக்கு ஐம்பத்தாறு.”

“பொண்ணுக்கும் அப்பாவுக்கும் ஏழு வயசு வித்தியாசமா? மேக்கப்புல சரி பண்ணிடுங்க.”

“யாருக்கு?”

“பொண்ணுக்குத்தான். அவர்கிட்ட வயசைப் பத்தி யார் பேசறது?”

அடுத்து, அப்பா பேசாமல் கேட்கும் காட்சி. பெரிய நடிகரின் கடிதம் வாசிக்கப்பட்டது. தாம் ஆறு நிமிடம் பேசாமல் இருந்தால், தியேட்டரில் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதாக ரசிகர்கள் நாற்காலியை உடைப்பார்கள் என்று அவர் பொதுநல நோக்கில் தெரிவித்திருந்தார்.

ஒருபக்கம் எழுந்து நின்றார். பதினான்கு வருடத்தில் இதுதான் முதல் முறை. “அவர் பேசக் கூடாதுங்கய்யா. கேக்கணும். என் பொண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“கேக்கற காட்சி வேண்டாம்னு யார் சொன்னா?” என்றார் தலைவர் வருத்தத்தோடு. “தாராளமா இருக்கட்டும். அப்பா பேசட்டும், பொண்ணு கேக்கட்டும்.”

இதில் குறை காண முடியவில்லை. ‘கேட்கும் காட்சி தக்கவைக்கப்பட்டது’ என்று பச்சைச் சீட்டு ஒட்டப்பட்டது. அதற்குக் கீழே இருந்த எதையும் அதன் பிறகு யாரும் படிக்கவில்லை, ஒருபக்கமும்தான்.

“அந்தக் காட்சி இருக்காப்பா?” என்று மகள் கேட்டாள்.

“இருக்கும்மா. ஆறு பக்கம் பன்னிரண்டாவே ஆயிடுச்சு.”

அவள் முகம் மலர்ந்தது. அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளியைப் பற்றியும், பேசாமல் போன தோழியைப் பற்றியும், தனக்கு எது பிடிக்கவில்லை என்பதைப் பற்றியும் அரைமணி நேரம் சொன்னாள். அவர் போனில் வந்த போஸ்டர் மாதிரிகளைத் தள்ளிக்கொண்டே, “அப்படியா, அப்படியா,” என்றார்.

தணிக்கை அலுவலகத்தில் ஒரு விபத்து நடந்தது. அங்கே இருந்த ஓர் அதிகாரி நாவலைப் படித்துவிட்டார். படத்துக்கு ‘வயது வந்தோருக்கு மட்டும்’ சான்றிதழ் வந்தது.

“பரீட்சையிலிருந்து பதினாறு வயசுப் பொண்ணு எழுந்து போறதைப் பிள்ளைங்க பாக்கலாமா?” என்றார் அதிகாரி.

“படத்துல அது இல்லையே சார்,” என்றார் ஒருபக்கம்.

“புத்தகத்துல இருக்கே. படத்தைப் பாத்துட்டு யாராவது புத்தகத்தைப் படிச்சுட்டா?”

படம் வெளியான நாளில் தியேட்டர் வாசலில் நல்ல கூட்டம். நரைத்த தலைகள், முழங்கால் கிழிந்த ஜீன்ஸ், முதுகில் பள்ளிப் பை. ‘உள்ளத்தில் பதினாறு’ என்று அச்சிட்ட பனியன் வயிற்றுப் பக்கம் கொஞ்சம் அகலமாகத் தைக்கப்பட்டு விற்றுக்கொண்டிருந்தது. ஒருபக்கம் மகளோடு வந்தார்.

“பாப்பாவுக்குப் பதினெட்டு ஆச்சா சார்?” என்றார் டிக்கெட் கிழிப்பவர்.

“இது இளையோர் படம்ப்பா. நான்தான் தயாரிப்பாளர்.”

“அப்போ விதி உங்களுக்கே தெரியுமே சார்.”

மகள் போஸ்டரைப் பார்த்தாள். பெரிய நடிகர் விரலை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கதாநாயகி கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க போய்ப் பாருங்கப்பா. உங்களுக்குத்தானே எடுத்திருக்கீங்க,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

உள்ளே படம் ஓடியது. தன் பேச்சைக் கேட்க ஓர் ஆள் கூட இல்லாத அந்தப் பெண்ணுக்காகத் தியேட்டரே அழுதது. ஒருபக்கமும் அழுதார். கதாநாயகி நிமிர்ந்து, “அப்பா, எனக்கு இது வேண்டாம்ப்பா. ஏன்னா...” என்று ஆரம்பிக்க, பெரிய நடிகர் கையை உயர்த்த, இடைவேளை விட்டார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்த அத்தனை பேரும் போனை எடுத்தார்கள். “கணக்குப் போட்டு முடிச்சியா?” “டியூஷனுக்குக் கிளம்பிட்டியா இல்லையா?” “அதெல்லாம் ஒண்ணும் சொல்லாத, முதல்ல போய்ப் படி.” ஒருபக்கமும் மகளை அழைத்தார்.

“வீட்டுக்குப் போயிட்டியா? நாளைக்குப் பரீட்சை இருக்குல்ல?”

“அப்பா, அதைப் பத்தித்தான். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்...”

மணி அடித்தது.

“படம் போட்டுட்டாங்கம்மா, அப்புறம் பேசிக்கலாம்,” என்று போனை வைத்துவிட்டு ஓடினார். மற்றவர்களும் ஓடினார்கள். அந்தப் பெண் பாவம் என்ன சொல்ல வந்தாளோ என்ற தவிப்பில், அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.